நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் கிட்டார்

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பழைய கிட்டார்களை வாங்கிச் சேர்ப்பதும், அவற்றைச் செய்தது யார் என்று துப்புத் துலக்குவதும்தான் அவருக்குப் பொழுதுபோக்காம். காரின் பின்சீட்டிலிருந்து மூன்று கிட்டார்களை இறக்கி என் கட்டிலில் வரிசையாகக் கிடத்தினார்.

"மூணும் லண்டன்ல செஞ்சதுன்னு லேபிள் ஒட்டியிருக்கு சார். லண்டனுக்கு எழுதிக் கேட்டா, எங்க சரக்கே இல்லைங்கறாங்க. இதுல இன்னொரு வேடிக்கை, மூணுலயும் ஒரே நம்பர். நூத்திப் பன்னெண்டு. அந்தக் காலத்து ரிப்பேர்காரங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம்னு சொன்னாங்க."

டார்ச்சை வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தேன். பார்க்காமலே எனக்குத் தெரியும். 112-இன் கடைசியில் இருக்கிற 2 என்ற எழுத்துக்கு வால் நீண்டு சுழித்திருக்கும்.

"இதை எவன் சார் எழுதியிருப்பான்?" என்றார்.

"எவனோ ஒரு மடையன்" என்றேன். அவர் சிரித்தார். அந்த மடையன் நான்தான் என்று சொல்ல அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். கிட்டார்களை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்காகவும்தான்.

நான் முதலில் பஞ்சாலையில் வேலை பார்த்தவன். நூல் கட்டுகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. காலையில் மேஸ்திரி ஒரு சீட்டைக் கொடுப்பார். அன்றைக்கு வருகிற கட்டு ஆயிரமானாலும் அத்தனையிலும் அதே நம்பரை எழுத வேண்டும். இரண்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்துக்கொண்டது. மாமன் ஒருவர் சிபாரிசில், கோயமுத்தூர் மணிக்கூண்டுப் பக்கம் இருந்த ஒரு வாத்தியக் கடைக்கு மாறினேன். முப்பதுகளின் நடுப்பகுதி. ஆர்மோனியம், பிடில், கிராமபோன், கிட்டார் எல்லாம் விற்போம், பழுதும் பார்ப்போம். நாடகக் கம்பெனிக்காரர்கள் வருவார்கள். போத்தனூர் ரயில்வே காலனியிலிருந்து ஆங்கிலோ இந்தியர்கள் வருவார்கள். கிட்டார் அவர்களுக்கு உயிர். சனிக்கிழமை ஆனால் ஆட்டம் பாட்டம்தான்.

பழுது பார்க்கும் மேசைக்குத் தலைவர் காதர் ராவுத்தர். கோட்டைமேட்டுக்காரர். நாங்கள் 'மேஸ்திரி' என்போம். அவர் வேலை செய்கிற விதத்தைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும். ஒரு வாத்தியம் வந்தால் முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். மேசையில் பச்சைத் துணி விரித்து வாத்தியத்தைப் படுக்க வைப்பார். கொஞ்ச நேரம் தொடவே மாட்டார், சும்மா பார்ப்பார். பிறகு சுண்டுவிரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். கடைசியாகத்தான் பல் டாக்டர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடியை வளைந்த கம்பியில் கட்டி, சைக்கிள் விளக்கைப் பிடித்து உள்ளே நோட்டம் விடுவார். அதுவரை யாரும் பேசக்கூடாது. எனக்கோ வாய் ஓயாது.

"தம்பி, என்ன நோவுன்னு அதுவே சொல்லும். நீ சித்த வாயை மூடிட்டு இரு" என்பார்.

இன்னொரு பழக்கம். எதைப் பிரித்து ஒட்டினாலும் ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் நெல்மணி அளவுக்கு ஒரு மூங்கில் ஆணியை அறைந்துவிடுவார். "நாளைக்கு யாராச்சும் தொறந்து பார்த்தா, இதுல ஏற்கெனவே ஒருத்தன் கை வெச்சிருக்கான்னு தெரியோணுமல்ல? ஒளிச்சு வெக்கறது வேலையில்லை" என்று காரணம் சொல்வார். இந்த ஆணியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் விற்ற கிட்டார்களில் பாதி லண்டன் சரக்கு இல்லை. காங்கேயத்துக்குப் பக்கத்தில் வேலப்ப ஆசாரி என்று ஒருவர் இருந்தார். நுகத்தடி, வண்டிச் சக்கரம் செய்கிற குடும்பம். கொஞ்ச காலம் போத்தனூரில் ரயில்பெட்டி மரவேலைக்குப் போனவர், அங்கே யாரோ குப்பையில் போட்ட உடைந்த கிட்டாரை எடுத்துவந்து பிரித்துப் பார்த்துத் தானே செய்யக் கற்றுக்கொண்டார். முதுகுக்கும் பக்கத்துக்கும் ஆனைமலை ஈட்டி மரம். முகத்துக்கு, மில்களுக்கு இங்கிலாந்திலிருந்து மெஷின் வந்திறங்குகிற பெட்டியின் பலகை. அதை இழைத்தால் பைன் மர வாசனை கமகமவென்று வரும். உள்ளே மூட்டுகளில் சென்னிமலைப் போர்வைத் துணியைக் கிழித்து வஜ்ஜிரப் பசையில் தோய்த்து ஒட்டியிருப்பார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு கிட்டார்தான் வரும். அப்பப்பா, என்ன நாதம்! ராவுத்தர் லேசில் யாரையும் புகழ மாட்டார். ஆசாரியின் கிட்டாரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மனுசன் கைக்கு முத்தம் குடுக்கலாம்" என்றார் ஒரு நாள்.

காங்கேயம் காளைக்குச் சூடு வைத்து அடையாளம் போடுவார்கள் அல்லவா? ஆசாரியும் அப்படித்தான். ஒவ்வொரு கிட்டாரிலும் துளைக்கு நேர் கீழே, உள்முதுகில், பிறை மாதிரி ஒரு சூட்டுக் குறி. அதன் கீழே பழுக்கக் காய்ச்சிய ஆணியால் புள்ளி. முதல் கிட்டாருக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு என்று வரிசை.

எங்கள் முதலாளிக்கு அந்தக் குறி கண்ணில் குத்தியது. "காங்கேயத்துச் சாமான்னு தெரிஞ்சா போத்தனூர்க்காரன் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டான்" என்று, பழுதுக்கு வந்த ஒரு நிஜ லண்டன் கிட்டாரின் லேபிளைப் பார்த்து, அதே மாதிரி அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டார். நம்பருக்கு மட்டும் கோடு போட்டு இடம் விட்டிருந்தது. ராவுத்தருக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார், அந்த லேபிளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை, ஆனால் எதிர்த்துப் பேசவும் இல்லை. ஒட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. நம்பர் என்ன எழுத என்று கேட்டேன்.

"மாதிரியில எப்படி இருக்குதோ அப்படியே எழுதடா" என்றார் முதலாளி.

மாதிரியில் 112 என்று இருந்தது. நான் மில்லில் கற்ற பாடம் ஒன்றுதான், ஒரே சரக்குக்கு ஒரே நம்பர். வந்த கிட்டாரில் எல்லாம் 112 என்று எழுதி, ஆசாரியின் குறி மறையும்படி கஞ்சிப் பசை தடவி ஒட்டினேன். ஒவ்வொரு கிட்டாருக்கும் தனி நம்பர் இருக்கும், அதை வைத்துத்தான் இது இன்னாருடையது என்று சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. பில் எழுதுகிறவரும் லேபிளைப் பார்த்து அதையே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் இரண்டு பில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கான்ஸ்டபிள் ஒருவர் கடைக்கு வந்தார். போத்தனூரில் ஹென்றி என்ற ரயில் டிரைவரின் கிட்டார் வீட்டிலிருந்து திருட்டுப் போய்விட்டது. எங்கள் கடையில் வாங்கியது, பில்லில் நம்பர் 112. அதே நம்பர் கிட்டாரோடு காங்கேயம் பஸ் ஏறப் போன ஒருவனைப் பிடித்திருக்கிறார்கள். கேட்டால் 'நானே செஞ்சது' என்று உளறுகிறானாம். கடைக்காரர் வந்து பார்த்து, லண்டன் கிட்டார்தான், நம்பரும் இதுதான் என்று எழுதிக் கொடுத்தால் மறுநாள் கோர்ட்டில் நிறுத்திவிடலாம்.

முதலாளி முகம் செத்துப்போயிற்று. ராவுத்தரை உள்ளே கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "அந்த ஆளை நமக்குத் தெரியாது. லேபிளைப் பாருங்க, ஆமான்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க. கடை மானம் உங்க கையில இருக்குது."

ராவுத்தர் கண்ணாடியையும் விளக்கையும் பையில் போட்டுக்கொண்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

ஸ்டேஷனில் கம்பிக்குப் பின்னால் வேலப்ப ஆசாரி குந்தியிருந்தார். எங்களைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மேஸ்திரிங்க! நல்ல நேரத்துல வந்தீங்க. நாடகக் கம்பெனிக்காரரு ஒருத்தரு கழுத்து வளைஞ்சுபோச்சுன்னு என்றகிட்டக் குடுத்துட்டுக் கொழும்புக்குப் போயிட்டாருங்க. சரிபண்ண ஊட்டுக்குக் கொண்டுக்கிட்டுப் போனேன், புடிச்சுட்டாங்க. நான் செஞ்சதுன்னு நீங்களே சொல்லுங்க சாமி."

சப் இன்ஸ்பெக்டர் சிரித்தார். "வண்டிச் சக்கரம் செய்யறவன் லண்டன் கிட்டாரும் செய்வானாம்."

ராவுத்தர் கை கழுவத் தண்ணீர் கேட்டார். அந்த இடத்திலும்! மேசையில் தன் மேல்துண்டை விரித்தார். பார்த்தார், தட்டினார், கண்ணாடியை உள்ளே விட்டார். வெகுநேரம் பார்த்தார். ஹென்றியின் கிட்டாரும் ஆசாரி செய்ததுதான். அது போன வருஷம் கீழே விழுந்து, உள்கட்டை ஒன்று பிளந்து, அவர்தான் ஒட்டியிருந்தார். மூங்கில் ஆணி இருக்க வேண்டும். இந்தக் கிட்டாரில் ஆணி இல்லை. ஆனால் நம்பரோ பில்லில் இருக்கிற அதே நம்பர். அவர் நெற்றி சுருங்கியது.

"நாளைக்குக் காலையில எழுதித் தர்றேனுங்க. ஒரு விசயம் ஒத்து வரலை" என்றார்.

"பத்து மணிக்குள்ள வரோணும். வரலேன்னா உங்க கடை பில்லை வெச்சே கோர்ட்டுக்குப் போயிருவேன்" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. பில்லையும் லேபிளையும் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். போலீஸ்காரர்கள் நம்பர் நம்பர் என்று அடித்துக்கொள்வது ஏன் என்று அப்போதுதான் மண்டையில் ஏறிற்று. வெளியே வந்ததும் ராவுத்தர் நின்றார்.

"தம்பி, நம்பரெல்லாம் நீதானே எழுதறே? எங்கியாச்சும் மாறிப்போச்சா? ரெண்டுக்கு ஒண்ணா உழுந்திருக்குமா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

எந்நேரமும் தொணதொணக்கிற என் வாய் அப்போது என்ன சொன்னது தெரியுமா?

"இல்லீங்களே மேஸ்திரி. பார்த்துத்தானுங்க எழுதுவேன்."

வேலை போய்விடும் என்ற பயம். எனக்கு அப்போதுதான் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். கள்ள லேபிள் எழுதின கை என்று போலீஸ் என்னையும் உள்ளே தள்ளிவிடுமோ என்ற பயம் வேறு. ராவுத்தர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். என் வார்த்தையை அப்படியே நம்பிவிட்டார்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு கைகள்தான் கண்ணுக்குள் நின்றன. விடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் கோட்டைமேட்டுக்கு ஓடினேன். ராவுத்தர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, எல்லாத்துலயும் நூத்திப் பன்னெண்டுதானுங்க எழுதியிருக்கேன். எல்லாத்துலயும். தெரியாம செஞ்சுபோட்டேனுங்க" என்று அழுதுவிட்டேன்.

அவர் திட்டவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. ஒரு செருப்பு மாட்டிய காலோடு அப்படியே நின்றார்.

"நேத்தே கேட்டேனே, தம்பி" என்றார். அவ்வளவுதான்.

நேராகக் கடைக்குப் போனோம். விற்காத கிட்டார் ஒன்று கண்ணாடி பீரோவில் தொங்கிக்கொண்டிருந்தது. ராவுத்தர் பீரோவைத் திறந்து அதை எடுத்தபோது முதலாளி உள்ளே வந்தார்.

"எங்க கொண்டுக்கிட்டுப் போறீங்க?"

"ஸ்டேசனுக்குங்க."

"அதை அங்க வெச்சீங்கன்னா இந்தக் கடையில நாளைக்கு யாரு கால் வெப்பா? யோசனை பண்ணிப் பாருங்க. எங்கியோ இருக்கற ஆசாரிக்காக நம்ம பொழப்பைக் கெடுத்துக்கறதா?"

ராவுத்தர் பீரோச் சாவியை மேசையில் வைத்தார். மேலே போட்டிருந்த வேலைத் துணியைக் கழற்றி மடித்து அதன் பக்கத்தில் வைத்தார். "யோசனை பண்ணிட்டேனுங்க. சாமானைத் திருப்பிக் குடுத்தனுப்பறேன். நான் வார மாட்டேன்." முதலாளி வழியை மறித்து நின்றார். ராவுத்தர் அவரைத் தொடவில்லை, ஒதுங்கச் சொல்லவும் இல்லை. கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு சும்மா நின்றார். கடைசியில் முதலாளிதான் விலகினார்.

பத்து மணிக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. ஸ்டேஷனில் ஹென்றியும் வந்திருந்தார். நெட்டையான, சாதுவான மனிதர். இரண்டு கிட்டாரையும் மேசையில் வைத்ததும் சப் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். இதிலும் 112, அதிலும் 112. அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன பித்தலாட்டம் இது? யாரு எழுதினது?"

"நான்தானுங்க" என்றேன். மில் பழக்கத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் ஒரேயடியாக ஒப்பவில்லை. "ரெண்டு இருந்தா என்ன? இது இவர் கிட்டாராவும் இருக்கலாமே. மரமே சீமை மரமாட்டத்தானே இருக்குது" என்றார்.

உள்ளேயிருந்து ஆசாரியின் குரல் கேட்டது. முந்தின நாள் குரல் இல்லை, கம்மியிருந்தது. "அது மில்லு மெசின் பொட்டிப் பலகைங்க. காயிதத்தைக் கிளப்பிப் பாருங்க சாமி. என்ற குறி இருக்கும். அது ஒம்பதாவது. ஒம்பது புள்ளி இருக்கும்."

"ஒம்பது இல்லேன்னா?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

"இல்லேன்னா நான் திருடனுங்க."

ராவுத்தர் எதிர் டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கிவரச் சொன்னார். தந்தியைத் தளர்த்தி ஒதுக்கினார். துணியை நனைத்துப் பிழிந்து, துளை வழியாகக் கையை விட்டு லேபிள்மேல் போட்டார். ஆறியதும் எடுத்தார், மறுபடி நனைத்தார். நாலைந்து தடவை. பிறகு மூங்கில் சிம்பு ஒன்றை ஒரு ஓரத்தில் நுழைத்து நகர்த்தினார். நான் பாவி, ஒட்டும்போது நன்றாகத்தான் ஒட்டித் தொலைத்திருந்தேன். காகிதம் கீற்றுக் கீற்றாக வந்தது. பிறை தெரிந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சப் இன்ஸ்பெக்டர் விளக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்.

"ஆறு... ஏழு... எட்டு. எட்டுத்தான் இருக்குது."

ராவுத்தர் நிமிரவே இல்லை. "சித்த பொறுங்க, மூலையில இன்னும் காயிதம் இருக்குது" என்று மறுபடி துணியை நனைத்தார். அந்த மூலைக் காகிதம் வழுக்கி வந்தபோது அடியில் ஒன்பதாவது புள்ளி இருந்தது. கடையிலிருந்து கொண்டுபோனதிலும் கிளப்பிப் பார்த்தோம். பதினொன்று.

ராவுத்தர் மூங்கில் ஆணி விஷயத்தைச் சொல்லி, கண்ணாடியை ஹென்றியின் கையில் கொடுத்தார். அவர் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "இது என்னுது இல்லை. இந்த ஆளை விட்டுடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

கதவைத் திறந்தார்கள். ஆசாரி வெளியே வந்தார். இடது கையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தார். துண்டில் ரத்தம் காய்ந்திருந்தது. எங்கே திருடினாய் என்று விடிய விடியக் கேட்டிருக்கிறார்கள். மூன்று விரல் உடைந்திருந்தது. ராவுத்தர் அதைப் பார்த்துவிட்டு, "யா அல்லா" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஆசாரி என்னிடம் வந்தார். "என்ற குறி மேல காயிதம் ஒட்டுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"அது போவட்டும். நம்பரு ஒண்ணேதான்னு நேத்து இங்க வந்தப்பவே தெரியுமுங்களா?"

ராவுத்தர் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தது. சொல்லவில்லை.

"தெரியுமுங்க" என்றேன்.

ஆசாரி கையில் சுற்றியிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "சரிங்க, வாரேன்" என்று காங்கேயம் பஸ்ஸுக்குப் போனார். கிட்டாரை எடுத்துக்கொள்ளவில்லை. அதன் கழுத்தை ராவுத்தர்தான் பிறகு தன் வீட்டில் வைத்துச் சரிசெய்து நாடகக்காரரிடம் கொடுத்தார். வேலப்ப ஆசாரி அப்புறம் கிட்டாரே செய்யவில்லை. பதினொன்றோடு சரி. விரல்கள் கோணலாகக் கூடிக்கொண்டன, உளி நிற்கவில்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டு தடவை அவர் ஊருக்குப் போனேன். இரண்டு தடவையும் மோர் கொடுத்து, மரியாதையாகப் பேசி அனுப்பினார். அதற்கு அவர் ஏசியிருக்கலாம்.

ராவுத்தர் கோட்டைமேட்டிலேயே சொந்தமாக மேசை போட்டார். என்னையும் கூட்டிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவர் காலம் வரை அவரோடும், பிறகு தனியாகவும் அந்த மேசையில்தான் என் சர்வீஸ் முடிந்தது. ஒரு லேபிளும் நான் ஒட்டியதில்லை. மூங்கில் ஆணி மட்டும் தவறாமல் வைத்தேன்.

நேற்று வெந்நீர் வைத்தேன். எனக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது, ஆனாலும் வேறு யாரையும் தொட விடவில்லை. முதல் கிட்டாரில் நாலு புள்ளி. இரண்டாவதில் பத்து. மூன்றாவதை எடுத்து ராவுத்தரின் கண்ணாடியை உள்ளே விட்டேன். உள்கட்டை ஓரத்தில் நெல்மணி மாதிரி ஒரு மூங்கில் ஆணி. ஹென்றியின் கிட்டார். எவன் திருடினான், எங்கெல்லாம் சுற்றியது, கடவுளுக்குத்தான் தெரியும். ஆசாரியின் மூன்று விரலை வாங்கிக்கொண்ட கிட்டார் என் மடியில் கிடந்தது. தட்டிப் பார்த்தேன். இன்னும் அதே நாதம். கிழவன் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

பெங்களூர்க்காரரே, லேபிளைக் கிழித்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். லண்டன் என்று இருந்தால்தான் மதிப்பு என்றால், கிழிந்த துண்டுகளை உறையில் போட்டு வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். செய்தவர் யார் என்றுதானே கேட்டீர்கள்? மூன்றுக்கும் சீட்டு எழுதி, ஒட்டாமல், நூலில் கோத்துக் கழுத்தில் கட்டியிருக்கிறேன். 'செய்தவர் வேலப்ப ஆசாரி, காங்கேயம் பக்கம்.' கீழே நம்பர். நாலு, பத்து. மூன்றாவதில் ஏழு. இந்தத் தடவை ஒவ்வொன்றையும் விரல் வைத்து எண்ணிப் பார்த்துத்தான் எழுதினேன்.